கேட்டலும் வினாவலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுவதற்கு வழி கூற வேண்டும் என்பதே அறக்கட்டளையார் எனக்கு இட்ட பணி. பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்னும் முறையில் இதனை மகிழ்ச்சியுடன் ஏற்றேன். ஆயினும் பேச்சைப் பற்றிக் கூறுவதற்கு முன்பு கேட்டலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறப்போகிறேன். ஆங்கிலத்தில் பேச வராமல் தவிக்கும் மாணவருள் பெரும்பாலோர்க்கு உண்மையான குறை நாவில் இல்லை, செவியில் இருக்கிறது என்பது என் கருத்து.

நம்மை நாம் சாவகர் என்று சொல்லிக்கொள்கிறோம். சிராவகர் என்னும் வடசொல்லே தமிழில் சாவகர் என்று வழங்குகிறது. கேட்டல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. கேட்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். இல்லறத்தில் இருப்போர்க்கு நோற்பவர் என்றோ, வணங்குபவர் என்றோ, ஈபவர் என்றோ பெயர் வைத்திருக்கலாம். இவையெல்லாம் நம் கடமைகளே. எனினும் நம் முன்னோர் இவற்றை விடுத்துக் 'கேட்பவர்' என்னும் பெயரைத் தெரிந்தெடுத்தனர்.

இதற்கு இணையாக நினைக்கத்தக்க செய்தி ஒன்று பகவான் மகாவீரர் வரலாற்றில் உண்டு. நம் திகம்பர மரபின்படி, பகவான் கேவலஞானம் எய்திய பின்பு 66 நாட்கள் திவ்யத்வனி எழவில்லை. சமவசரணம் அமைந்திருந்தது, தேவர்கள் வந்திருந்தனர், ஆயினும் அறவுரை பிறக்கவில்லை. அதனைக் கேட்டு உள்வாங்கிப் பிறர்க்கு எடுத்துரைக்கவல்ல கணதரர் ஒருவர் அங்கு இல்லை என்பதே காரணம். பின்னர் இந்திரன் ஒரு மாணவன் வடிவில் இந்திரபூதி கௌதமரிடம் சென்று, ஒரு செய்யுளின் பொருளை வினவினான். வேதங்களில் வல்ல அவரால் அதற்கு விடை கூற இயலவில்லை. அவ்வினாவே அவரைப் பகவானிடம் அழைத்து வந்தது. அவர் வந்தபின் இராஜகிருகத்தின் விபுலாசலத்தில் முதல் அறவுரை எழுந்தது. வீரசாசன ஜெயந்தி என்று நாம் கொண்டாடுவது அந்நாளைத்தான்.

மாணவர்களே, இவ்வரலாற்றில் இரண்டு செயல்கள் இருப்பதைக் காணுங்கள். ஒன்று செவிமடுத்தல், மற்றொன்று வினவுதல். தமிழில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். 'ஆசிரியர் சொன்னதைக் கேட்டேன்' என்கிறோம், 'ஆசிரியரிடம் ஐயம் கேட்டேன்' என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'லிஸன்', பின்னதற்கு 'ஆஸ்க்' என்று இருவேறு சொற்கள் வேண்டும். நம் மொழியில் இரண்டும் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பது, வினவாமல் கேட்டல் முழுமை பெறாது என்பதனால்தானோ என்று நான் சில சமயம் எண்ணுவதுண்டு. இலக்கண அறிஞர் இதற்கு உடன்படுவரா என்பது வேறு செய்தி.

இக்காலத்தில் நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் 'ஆக்டிவ் லிஸனிங்' என்று ஒரு பயிற்சி அளிக்கின்றனர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்டு ஃபார்சனும் அப்பெயரில் ஒரு சிறு நூலை எழுதினர். பிறர் கூறுவதை அவருடைய நோக்கில் நின்று கேட்பது, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிக் கூறிச் சரிபார்ப்பது, கேட்டு முடியும் வரை தீர்ப்புக் கூறாதிருப்பது என்று அதன் சாரத்தைச் சொல்லலாம். பயனுள்ள பயிற்சிதான். கட்டணம் செலுத்தி அதனைக் கற்கச் செல்லும் நம் பிள்ளைகள், தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். மதிஞானம் உண்டாகும் முறையை அங்கே உமாசுவாமி ஆசாரியர் நான்கு படிகளாகக் கூறுகிறார்: அவக்ரகம், ஈஹா, அவாயம், தாரணா.

பூஜ்யபாதர் தம் உரையில் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு மிக எளியது. தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகிறது. அவ்வளவில் நிற்பது அவக்ரகம். அது கொக்காக இருக்குமோ, கொடியாக இருக்குமோ என்று அறிய முனைவது ஈஹா. சிறகடித்து மேலெழுவதும் தாழ்வதும் கண்டு கொக்கே என்று துணிவது அவாயம். பின்னாளில் மறவாதவாறு அதனை உள்ளத்தில் இருத்துவது தாரணா. இது கண்ணுக்குக் கூறிய எடுத்துக்காட்டு. செவிக்கும் இது அப்படியே பொருந்தும்.

வகுப்பறையில் இதனைப் பார்ப்போம். பேராசிரியை, 'சப்மிட் த அசைன்மெண்ட் பை ஃபிரைடே' என்று சொல்லிவிட்டுச் செல்கிறார். பெரும்பாலான மாணவர்களின் செவியில் விழுவது ஃபிரைடே என்ற ஒரு சொல் மட்டுமே. அவக்ரகத்தோடு நின்று, வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோய் நீட்டுகின்றனர். அவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே கட்டினை எடுத்துச் சென்றிருப்பார். 'பை' என்ற சிறு சொல் 'அதற்குள்' என்னும் பொருளைத் தருவது. ஈஹா உடைய மாணவன் என்ன செய்வான்? எழுந்து நின்று, 'ஸோ வீ ஷுட் கிவ் இட் ஆன் ஆர் பிஃபோர் ஃபிரைடே, மேடம்?' என்று ஒரு வாக்கியம் கேட்பான். ஆம் என்ற விடை வந்தவுடன் அவாயம் நிகழ்ந்துவிட்டது. குறிப்பேட்டில் எழுதினால் தாரணாவும் ஆயிற்று. இவ்வொரு வினாவினால் அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை ஆசிரியர் அறிகிறார், வகுப்பிலுள்ள மற்ற அறுபது பேரும் பயனடைகின்றனர், அவனும் ஓர் ஆங்கில வாக்கியம் பேசிவிடுகிறான்.

கேட்டலுக்குப் பெரும்பகை சத்தம் என்று நினைக்கிறோம். அதனினும் பெரிய பகை, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் விடையை உள்ளத்துக்குள் தயாரிப்பது. நீலகேசியை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். குண்டலகேசி தொடங்கிப் பௌத்த ஆசிரியர் பலரோடும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோரோடும் அவள் வாதிடுகிறாள். மறுப்பதற்கு முன்பு அவர்தம் கொள்கை இன்னது என்பது அங்கே எடுத்துரைக்கப்படுகிறது. தம் கொள்கையை எதிர்தரப்பார் சரியாகச் சொல்லக் கேட்டவர்க்குத் தோல்வியும்கூடச் சற்று எளிதாகும் அல்லவா? இன்று தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள், பேச்சு என்றால் குறுக்கே புகுவது என்று கருதுவதில் வியப்பில்லை.

கேட்கும் மாணவர் எத்தகையர் என்பதை நம் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் வகுத்துக் காட்டுகிறார். நீரை ஒதுக்கிப் பாலைக் கொள்ளும் அன்னம் போன்றவரும், கிடைத்தவிடத்து மேய்ந்து பின்னர் ஓரிடத்திலிருந்து அசைபோடும் பசுவைப் போன்றவரும் தலைமாணாக்கர். கடைமாணாக்கர்க்கு அவர் காட்டும் உவமைகளில் நெய்யரி எனக்கு மிகவும் பிடித்தது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடினைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அதன் இயல்பு. ஒரு மணிநேர வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒரு வேடிக்கையை மட்டும் வீட்டிற்குக் கொண்டு வரும் பிள்ளையை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒரு செடியிலும் நில்லாமல் நுனி நுனியாகக் கடித்துச் செல்லும் ஆடும் அப்பட்டியலில் உண்டு. கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் நம் காலத்தவரைப் பவணந்தியார் எங்ஙனம் முன்னரே கண்டார் என்று வியக்கிறேன்.

அதே பாயிரத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கல்வியில் கால்பங்குதான் கைவருமாம். உடன் பயில்வாரோடு பழகி உசாவுவதால் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதால் கிடைக்குமாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சமண முனிவரின் கணக்கு இது. நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் இன்றும் பெரும்பாலும் அந்த முதற் கால்பங்கோடு நின்றுவிடுகிறது.

ஒருவர் முயன்று கேட்டதால் என்ன விளையும் என்பதற்கு நம் சமூகத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று இருக்கிறது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர், எத்தனையோ நூல்களைக் கற்றவர். ஆயினும் சிந்தாமணியைத் திறந்தபோது சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் அமர்ந்து, ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் இல்லறத்தாரிடம் மாணவராய் அமரத் தயங்கவில்லை. கேட்டவர்க்கு விளங்குமாறு சொல்லும் திறன் அந்தச் சாவகர்களிடமும் இருந்தது.

இத்திறன் இல்லாதபோது எதனை இழக்கிறோம் என்பதற்கு அண்மையில் நான் அறிந்த ஒன்றைக் கூறுகிறேன். நம் ஊர்ப்பக்கத்து மாணவி ஒருத்தி வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பிறந்தது முதல் இரவில் உண்ணாதவள். விடுதியில் இரவுணவு எட்டு மணிக்கு. இரண்டு வாரம் பழமும் ரொட்டியும் உண்டு சமாளித்தாள், பின்னர் உடல்நிலை தளர்ந்து விரதத்தை விட்டுவிட்டாள். விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய பாட்டி வருந்தியதைக் கண்டு நான் விசாரித்தேன். காப்பாளரிடம் சொன்னாயா அம்மா என்று கேட்டேன். அவள் சொன்ன விடை இது: "என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும் ஐயா. ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை."

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று, பொதுத்தேர்வில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் பெற்ற பெண் அவள். அவளுக்குத் தேவைப்பட்டவை இரண்டே வாக்கியங்கள். 'ஐ டோண்ட் ஈட் ஆஃப்டர் ஸன்ஸெட். குட் ஐ ஹாவ் மை டின்னர் பிஃபோர் ஸிக்ஸ், ப்ளீஸ்?' அன்று மாலை இவ்விரண்டையும் இருபது முறை சொல்லிப் பழகினோம். அவள் திரும்பிச் சென்று கேட்டாள். காப்பாளர் உடனே ஒப்புக்கொண்டாராம், இதனை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றும் சொன்னாராம்.

இவளுடைய இடர்ப்பாடு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் கற்றதனால் வந்தது. நம் வீடுகளிலேயே இதற்கு மாறான சான்று உண்டு. பஞ்ச நமஸ்கார மந்திரம் பிராகிருத மொழியில் அமைந்தது. பிராகிருதம் நம் யாருக்கும் தாய்மொழி அன்று. ஆயினும் எழுத்தறியாத நான்கு வயதுக் குழந்தை அதனைப் பிழையின்றிச் சொல்கிறது. பாட்டி சொல்லக் கேட்டு, திருப்பிச் சொல்லி, பிழைத்த இடத்தில் திருத்தப்பெற்று, மீண்டும் சொல்லிப் பழகியது அக்குழந்தை. சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளுள் ஆம்னாயம் என்பது இதுவே. நாள்தோறும் கால்மணி நேரம் வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். ஒரு செய்தி முடிந்ததும் நிறுத்தி, அதனை உங்கள் சொற்களில் இரண்டு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதைக் கைப்பேசியில் பதிந்து நீங்களே கேளுங்கள். அக்கருவிக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

இனி வாக்கிய இலக்கணம். ஆங்கில இலக்கணத்தைப் புதிதாகக் கற்பதாக நினைக்க வேண்டாம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை ஆகியவற்றைத் தமிழ் வகுப்பில் கற்றிருக்கிறீர்கள். அவ்வறிவை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் செல்வதுதான் பிழை.

'முனிவர் சிறுவனைக் கண்டார்' என்றாலும் 'சிறுவனை முனிவர் கண்டார்' என்றாலும் தமிழில் பொருள் மாறுவதில்லை. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு சிறுவனோடு ஒட்டிக்கொண்டு, அவன் எங்கே நின்றாலும் அவனைச் செயப்படுபொருளாகக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வுருபு இல்லை. 'த மாங்க் ஸா த பாய்' என்றால் கண்டவர் முனிவர். 'த பாய் ஸா த மாங்க்' என்றால் கண்டவன் சிறுவன். அங்கே இடமே வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆகவே முதலில் எழுவாய், அடுத்துப் பயனிலை, அதன்பின் செயப்படுபொருள் என்ற வரிசை கலையக்கூடாது. தமிழில் பயனிலை இறுதியில் வருவதால், முழு வாக்கியத்தையும் தமிழில் எண்ணி முடித்துப் பின்னர் மொழிபெயர்க்கப் புகும் மாணவர் வினைக்காகக் கடைசிவரை காத்திருக்கிறார். 'யார்' என்று சொன்னவுடன் 'என்ன செய்தார்' என்பதைச் சொல்லிப் பழகுங்கள். மற்றவை தாமே பின்தொடரும்.

'என் தந்தை உழவர்' என்பது தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பயனிலை தனித்து நில்லாது, 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று 'இஸ்' வந்தே தீரவேண்டும். இதனைக் கற்ற மாணவர் சிலர் மறுபக்கம் சாய்ந்து, எல்லா வாக்கியத்தையும் 'ஐ ஆம்' என்று தொடங்கி, 'ஐ ஆம் கோ டு காலேஜ்' என்பர். ஏற்கெனவே வினை இருக்கும் வாக்கியத்திற்கு இரண்டாவது பயனிலை எதற்கு? 'ஐ ஆம்' என்பது ஒரே சொல் அன்று. 'ஐ' என்பது எழுவாய், 'ஆம்' என்பது பயனிலையின் பகுதி.

எழுவாயைப் பற்றிக் கூறுமிடத்து நான்காம் வேற்றுமையை விட்டுவிட இயலாது. நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளுள் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது. தமிழில் இவற்றுள் எதிலும் 'நான்' எழுவாயாக வருவதில்லை. அறிவும் விருப்பமும் பசியும் எனக்கு நேர்கின்றன, நான் அவற்றைச் செய்வதில்லை. ஆங்கிலமோ பெரும்பாலும் இந்த 'எனக்கு' என்பதை 'ஐ' என்று எழுவாயாக்கிவிடுகிறது. ஐ நோ, ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ நீட், ஐ லைக், ஐ ஆம் ஹங்க்ரி. இவற்றுள் முதல் நான்கும் நிலையைக் குறிக்கும் வினைகள். ஆகவே 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' என்று நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலாகச் சொல்லுதல் பொருந்தாது. வீட்டில் நாள்தோறும் நீங்கள் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஆங்கில வடிவம் எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்தில் நாற்பது வாக்கியங்கள் சேர்ந்துவிடும்.

எதிர்மறையில் 'ஐ டிட் நாட் வெண்ட்' என்பது பலர்க்குப் பழகிப்போன பிழை. இதனைத் திருத்தத் தமிழே போதும். 'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. யாராவது 'போனவில்லை' என்கிறோமா? இல்லை என்ற சொல் வந்தவுடன் 'போக' என்று காலம் காட்டாத வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதுபோலவே 'டிட்' காலத்தைச் சுமந்துகொண்டதால் 'கோ' வெறுங்கையோடு வருகிறது. 'ஐ டிட் நாட் கோ', 'டிட் யூ கோ'. இதனை ஒருமுறை உணர்ந்த மாணவர் பின்னர்ப் பிழைத்ததை நான் கண்டதில்லை.

'எ', 'த' என்னும் சிறு சொற்களுக்குப் பாட்டி கதையே இலக்கண நூல். 'ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான்' என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் 'அந்த அரசனுக்கு' என்கிறோம். முதன்முறை அறிமுகமாகும்போது 'எ கிங்', கேட்பவர் அறிந்தவராகிவிட்டபின் 'த கிங்'. நுட்பங்கள் இன்னும் உண்டு, அவற்றைப் படிக்கப் படிக்க அறிந்துகொள்ளலாம்.

வினாவாக்கியத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். தமிழில் வாக்கியத்தின் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் வினாவாகிவிடும். ஆங்கிலத்தில் எழுவாயும் துணைவினையும் இடம் மாற வேண்டும். 'யூ ஆர் கமிங்' என்பது செய்தி, 'ஆர் யூ கமிங்' என்பது வினா. இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் குரலை மட்டும் உயர்த்துவதால், நம் மாணவரின் வினா சில சமயம் குற்றச்சாட்டைப் போல ஒலிக்கிறது.

அதனினும் முக்கியமானது மரியாதை. 'படிவத்தைக் கொடுங்கள்' என்று தமிழில் சொன்னால் அந்த 'உங்கள்' விகுதியிலேயே பணிவு வந்துவிடுகிறது. அதனை அப்படியே 'கிவ் மீ த ஃபார்ம்' என்று பெயர்த்தால் விகுதி உதிர்ந்துபோகிறது, கட்டளை மட்டும் எஞ்சுகிறது. கேட்கும் அலுவலர்க்கு இது யாருடைய பிள்ளை இவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று தோன்றும். பிள்ளை கடுமையாக நினைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் பணிவு 'குட் யூ', 'வுட் யூ', 'மே ஐ' என்னும் துணைவினைகளில் இருக்கிறது. 'குட் யூ கிவ் மீ த ஃபார்ம், ப்ளீஸ்?' என்றால்தான் 'கொடுங்கள்' என்பதற்கு நிகராகும். நமக்கு இது நாகரிகம் மட்டும் அன்று, பாஷா சமிதியின் பாற்பட்டது. இதமாகவும் மிதமாகவும் இனிமையாகவும் பேசுதல் முனிவர்க்கு விதித்த ஒழுக்கமாயினும் இல்லறத்தாரும் இயன்றவரை பயில வேண்டியதே. தமிழில் அதனைப் பேணிவிட்டு ஆங்கிலத்தில் அறியாமையால் கைவிடலாகாது.

இறுதியாக, நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் ஒரு வினா. 'டெல் மீ அபௌட் யுவர்ஸெல்ஃப்.' இதற்கு மனப்பாடம் செய்த விடையை எல்லோரும் சொல்லிவிடுகின்றனர். அடுத்த வினாவில்தான் தடுமாற்றம். ஜைனர் என்று விண்ணப்பத்தில் இருக்கிறது, தாய்மொழி தமிழ் என்றும் இருக்கிறது. 'நீங்கள் வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களா?' என்று எதிரில் இருப்பவர் கேட்கிறார். அவர் அறிய விரும்பித்தான் கேட்கிறார். நம் பிள்ளை 'நோ சார்' என்று கூறி நிறுத்திக்கொள்கிறது. மேல்சித்தாமூர் மடம், பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள், திருமலையின் நேமிநாதர், கழுகுமலைச் சிற்பங்கள், சித்தன்னவாசல் ஓவியங்கள், சிந்தாமணி, நன்னூல் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருக்கின்றன. 'வீ ஆர் தமிழ் ஜைன்ஸ். அவர் ஆன்ஸெஸ்டர்ஸ் ஹாவ் லிவ்ட் இன் திஸ் லாண்ட் ஃபார் மோர் தன் எ தௌஸண்ட் இயர்ஸ். எ ஜைன் மாங்க் ரோட் த கிராமர் தட் தமிழ் ஸ்டூடண்ட்ஸ் ஸ்டில் ரீட்.' மூன்றே வாக்கியங்கள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசையை மீறாத எளிய வாக்கியங்கள். நான்காவது வாக்கியமாக உங்கள் ஊரின் ஜினாலயத்தைப் பற்றி நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

சமயத்தை விளக்குமாறு கேட்டால் இன்னும் கவனம் தேவை. ஸ்யாத்வாதத்தை ஆங்கிலத்தில் எழுதிய சிலர் ஸ்யாத் என்பதற்கு 'மே பி', 'பெர்ஹாப்ஸ்' என்று பொருள் கொண்டனர். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று எதையும் உறுதியாகக் கூறாத ஐயவாதமாக நம் தரிசனம் பலர்க்குத் தோன்றியதற்கு அச்சொற்களும் ஒரு காரணம். ஸ்யாத் என்பது 'ஒரு நோக்கில்' என்று பொருள்படும் இடைச்சொல். அந்நோக்கில் கூற்று உறுதியானதே. சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் காட்டும் எடுத்துக்காட்டு போதும். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துவான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்வான், பொன்னை மட்டும் விரும்பியவன் இரண்டுமின்றி இருப்பான். குடம் என்னும் நோக்கில் அழிவு, மகுடம் என்னும் நோக்கில் தோற்றம், பொன் என்னும் நோக்கில் நிலைபேறு. இதில் எங்கே ஐயம்? ஆங்கிலத்தில் இதனை, 'ஃப்ரம் ஒன் பாயிண்ட் ஆஃப் வியூ' என்று தொடங்கிச் சொல்லுங்கள். 'மே பி' என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

நம் சமூகத்தில் இப்பணியைச் செய்து காட்டிய பெரியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920இலும் சமயசாரத்தை 1950இலும் ஆங்கிலத்தில் தந்தார். நீலகேசியை வாமன முனிவர் உரையோடு 1936இல் பதிப்பித்து, அதற்கு ஆங்கிலத்தில் விரிவான முன்னுரையும் எழுதினார். அவருடைய ஆங்கிலத்தைப் படித்துப் பாருங்கள். அரிய தத்துவத்தைச் சொல்லும்போதும் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இராது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்து முடிக்கிறேன். இன்று இரவு உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் ஊரில் மகாவீரர் ஜெயந்தி எப்படி நடந்தது என்று கேளுங்கள். பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள், கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். முடிவில் மூன்று வினாக்கள் கேளுங்கள். கேட்டதை அவரிடமே சுருக்கித் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னர் அதனை ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்களாக எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் அமர்ந்து கேட்பேன், வினாவும் கேட்பேன்.